முகூர்த்தத்துக்காகப் பல்லை ராவாதீர்கள்

கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரை, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கும் பெற்றோருக்கு,

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் பத்தொன்பது வருடமாகப் பல் பார்த்துக்கொண்டிருப்பவள் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது என்னை மனசுக்குள் திட்டியவர்களும் இதைப் படிக்கலாம். பரவாயில்லை.

தை பிறந்துவிட்டால் என் கிளினிக்குக்கு வருகிற கூட்டத்தின் ரகமே மாறிவிடும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் எப்போதும்போல வருவார்கள். அவர்களுக்கு நடுவில், மண்டபம் பிடித்தாகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது, இனிப் பல்லை மட்டும் சரிபண்ண வேண்டும் என்று ஒரு கூட்டம். எல்லாம் பிளக்ஸ் போர்டு செய்கிற வேலை. பஸ் ஸ்டாண்டு வாசலில் பதினைந்து அடி உயரத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் சிரிக்கிறார்கள். மேகமலையிலோ வைகை அணையிலோ எடுத்த படம். போட்டோக்காரத் தம்பி கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இரண்டு நிமிடத்தில் பல்லைச் சுண்ணாம்பு அடித்த சுவராக்கிவிடுகிறார். அவர் வெள்ளையடிக்கிற பல்லுக்கு ஈறும் கிடையாது, நரம்பும் கிடையாது. உங்கள் பிள்ளையின் பல்லுக்கு இரண்டும் உண்டு.

போன தை மாதம் சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“டாக்டரம்மா, மாப்ள வீட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டாக.”

“என்னம்மா சொன்னாங்க?”

“பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, பல்லு மட்டும் கொஞ்சம் ஏறியிருக்குன்னாக. நீங்க முன்னால உள்ள ஆறு பல்லையும் ராவி, வரிசையா கேப் போட்டு விட்ருங்க. முகூர்த்தத்துக்கு இன்னும் இருபத்திமூணு நாள் கெடக்கு.”

பெண் ஒன்றும் பேசவில்லை. துப்பட்டா நுனி வாயருகிலேயே இருந்தது. நாற்காலியில் சாய்த்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். இருபத்து நாலு வயதுப் பெண்ணின் வாயில் ஒரு சொத்தை இல்லை, ஓர் அடைப்பு இல்லை. இடது பக்கக் கோரைப்பல் வரிசைக்கு மேலே சற்று ஏறி நின்றது. தெத்துப்பல் என்போமே, அது. கீழ்ப்பற்களுக்குப் பின்னால் காரை படிந்திருந்தது. முன்பல் ஒன்றின் முனை அரிசி மணி அளவு உடைந்திருந்தது, சின்ன வயதில் சைக்கிளில் விழுந்ததாம். குறை என்று சொன்னால் இவ்வளவுதான். இதற்காக ஆறு நல்ல பல்லை ராவ வேண்டும் என்கிறார் அந்த அம்மா. பெண்ணைப் பெற்றவளின் பதற்றம் அது, அவர்மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை.

கேப் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தொப்பி மாதிரி மேலே மாட்டிவிடுகிற சமாச்சாரம் என்று அந்தச் சொல்லே ஏமாற்றுகிறது. தொப்பி போட யாரும் தலையைச் செதுக்குவதில்லை. கேப் போட வேண்டுமானால் பல்லைச் சுற்றிலும் செதுக்கியாக வேண்டும். முன்பல்லுக்கு முழுக் கேப் போடும்போது ஈறுக்கு மேலே தெரியும் பல்லில் 60 சதவீதத்துக்கும் மேல் போய்விடும் என்று 2002ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று எடைபோட்டே காட்டியது. மிஞ்சுவது ஒரு முளைக்குச்சி. வெனீர் என்கிற மெல்லிய பீங்கான் ஓட்டை முன்புறம் மட்டும் ஒட்டுவதில் சேதம் குறைவு. அதற்கும் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுக்குப் பல்லின் மேல்தோலை எடுக்க வேண்டும். எனாமல் எனப்படும் அந்த மேல்தோல் முன்பல்லின் முன்புறத்தில் மொத்தமே சுமார் ஒரு மில்லிமீட்டர்தான், ஈறோரத்தில் அதைவிடவும் மெல்லிசு. அதை உண்டாக்கிய செல்கள், பல் முளைத்து வெளியே வந்ததுமே அழிந்துவிடுகின்றன. பறித்த பன்னீர் திராட்சையின் தோலை உரித்துவிட்டு மறுபடி வளரும் என்று நம் ஊரில் யாராவது காத்திருப்பார்களா?

ஒட்டிய பீங்கானும் சாகும்வரை நிற்காது. நன்றாகச் செய்தால் பத்து, பதினைந்து வருடம். சிலருக்குக் கூடுதலாக வரலாம். இருபத்து நாலு வயதில் போட்டால் நாற்பதுக்குள் ஒருமுறை, ஐம்பத்தைந்தில் ஒருமுறை என்று மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் உள்ளே இருக்கும் பல் இன்னும் கொஞ்சம் குறையும். கல்யாணச் செலவில் எழுதுகிற தொகை முதல் தவணைதான்.

போடிப் பக்கத்துத் தம்பி ஒருவர் போன வருடம் வந்தார். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பு வெளியூரில் ஓர் இடத்தில் மேல்வரிசையில் எட்டுப் பல்லுக்கும் ஒரே மூச்சில் கேப் போட்டிருக்கிறார்கள். போட்டோவில் பளிச்சென்று விழுந்திருக்கிறது, ஆல்பத்தைப் போனில் காட்டினார். எட்டாம் மாதத்தில் ஈறு வீங்கி, பல் தேய்த்தால் ரத்தம், பேசினால் நாற்றம். மனைவி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று சொல்லும்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டார். கேப்பின் ஓரம் ஈறுக்குள் ஆழமாக இறங்கி, தூரிகை போகாத இடத்தில் அழுக்குச் சேர்ந்திருந்தது. ஒன்றைக் கழற்றினேன். உள்ளே பென்சில் சீவியது மாதிரி ஒரு முனை. எட்டில் மூன்றுக்கு நரம்பு செத்து வேர்ச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. ராவுவதற்கு முன்னால் அந்தப் பற்கள் எப்படி இருந்தன என்று கேட்டேன். “கொஞ்சம் மஞ்சளா இருந்துச்சும்மா, அம்புட்டுத்தான்” என்றார்.

இந்த மஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

பல்லின் மேல்தோல் ஏறக்குறையக் கண்ணாடி மாதிரி. அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். அந்த மஞ்சள்தான் மேலே தெரிகிறது. வயது ஏற ஏற மேல்தோல் தேய்ந்து மஞ்சள் கூடும். நாங்கள் பல்லின் நிறத்தைப் பார்க்க வைத்திருக்கும் பழைய பட்டியலில் 16 நிறங்கள் உண்டு, அதில் ஒன்றுகூடக் காகித வெள்ளை கிடையாது. அந்த வெள்ளை பிற்பாடு, சினிமாக்காரர் பல்லைப் பார்த்து ஜனங்கள் கேட்கத் தொடங்கிய பிறகு சேர்க்கப்பட்டது. நம் புலவர்கள் பல்லுக்கு முல்லை அரும்பைச் சொல்லிவைத்தார்கள். நம் ஆற்றுக்கே முல்லை என்று பேர் இருக்கிறது. ஓர் அரும்பைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். காம்புப் பக்கம் லேசாகப் பச்சை ஓடியிருக்கும், நுனிக்குப் போகப் போக வெளுக்கும். பல்லும் அப்படித்தான், ஈறுப் பக்கம் மங்கல், நுனியில் வெளிச்சம். ஒரே வெள்ளையாக இருப்பது குளியலறைப் பீங்கான்.

மஞ்சள் என்று வருகிறவர்களில் பலருக்கு முதலில் வேண்டியது ‘கிளீனிங்’. காரையையும் வெற்றிலை, டீக் கறையையும் எடுத்துவிட்டு மெருகு போட்டால், அரை மணி நேரத்தில் கண்ணாடியைப் பார்த்து “இது என் பல்லா?” என்று கேட்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன். ஆனால் கிளீன் பண்ணினால் பல் ஆடிப்போகும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இறுகிக் கிடக்கிறது. உண்மையில் காரைதான் ஈறைத் தின்று எலும்பைக் கரைத்துப் பல்லை ஆட வைக்கிறது. அதே காரை கொஞ்ச நாள் பல்லைச் சிமெண்டு மாதிரி பிடித்தும் வைத்திருக்கும். அதை எடுத்ததும், ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிய வருகிறது. பழி எங்கள் மேல்.

அதற்கு அடுத்தது பிளீச்சிங். பெராக்சைடு மருந்தை வைத்து உள்ளே ஊறிய நிறத்தை வெளுக்க வைப்பது. பல்லை ராவ வேண்டியதில்லை என்பதால், கேப்புக்கு முன்னால் இதைக் கேட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். நாலைந்து நாள் பல் கூசும். போகப் போக நிறம் திரும்பும், டீயும் வெற்றிலையும் விடாதவர்களுக்குச் சீக்கிரமே திரும்பும். ஏற்கெனவே இருக்கும் கேப்பும் அடைப்பும் வெளுக்காது, அதனால் திட்டுத்திட்டாகத் தெரியும். பதினெட்டு வயதுக்குக் கீழே நான் செய்வதில்லை. ஐரோப்பிய நாடுகளில் பெராக்சைடு 0.1 சதவீதத்துக்கு மேல் உள்ள வெளுப்பு மருந்தைக் கடையில் நேரடியாக விற்கக் கூடாது, பல் மருத்துவர் கை வழியாகத்தான் போக வேண்டும். இங்கே போனைத் திறந்தால் போதும், வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

கரித்தூளும் அப்படி வீட்டுக்கு வருகிறது. நம் அப்பத்தாக்கள் அடுப்புக் கரியிலும் செங்கல் பொடியிலும் தேய்த்த பல்லைப் பார்த்திருக்கிறேன். ஈறோரத்தில் கோடாலி வெட்டு மாதிரிப் பள்ளம் விழுந்திருக்கும், பச்சைத் தண்ணீர் பட்டால் உயிர் போகும். அதே கரியைக் கறுப்புக் குழாயில் அடைத்து நூற்றுக்கணக்கில் ரூபாய் வாங்குகிறார்கள். அப்பத்தா ஓசியில் தேய்த்தாள்.

ஈறு கறுப்பாக இருக்கிறது, ரோஸாக்கிக் கொடுங்கள் என்று கேட்பது இப்போது கூடிவருகிறது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள். நம் தோலைக் கறுப்பாக வைத்திருக்கும் அதே மெலனின்தான் ஈறிலும் இருக்கிறது. அது நோயும் இல்லை, அழுக்கும் இல்லை. சிவந்து பளபளத்து வீங்கிய ஈறுதான் நோய். லேசரில் சுட்டோ கத்தியில் சீவியோ அந்தக் கறுப்பை எடுக்கலாம், எடுக்கிறார்கள். பலருக்குச் சில வருடங்களில் திரும்பி வந்துவிடுகிறது, உடம்புக்குத் தன் நிறம் தெரியும். பதினெட்டு வயதுப் பிள்ளை தன் ஈறைப் பார்த்து அழுவதற்கு யார் காரணம் என்று தேடினால், எங்கள் தொழிலில் இருப்பவர்கள் ஒட்டுகிற விளம்பரங்களும் அதில் வரும். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

பல் வரிசைக்கு வருகிறேன். எத்துப்பல், தெத்துப்பல், நடுவில் சந்து, இதற்கெல்லாம் நேர்மையான வழி கிளிப்தான். பல்லை அரைக்காமல் இருக்கிற இடத்திலிருந்து நகர்த்துவது அது. ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டு வருடம் ஆகும். சிலருக்கு இடம் போதாமல் சிறு கடைவாய்ப் பற்களில் இரண்டையோ நான்கையோ எடுக்க வேண்டி வரலாம், அதை முதலிலேயே சொல்லிவிடுவார்கள். கழற்றிய பிறகு ரிடெய்னர் என்ற பிடிப்பானை இரவில் போட்டுத் தூங்க வேண்டும், இல்லாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நடந்து போகும். முப்பதிலும் நாற்பதிலும் கிளிப் போடலாம், போடுகிறார்கள். ஆனால் தாடை வளர்ந்துகொண்டிருக்கும் பதினொன்று, பன்னிரண்டு வயதில் போட்டால் வேலை எளிது. அதற்கும் முன்னால், ஏழு வயதில், முன்பல் விழுந்து முளைக்கும் சமயம் ஒருமுறை காட்டிவிட்டால் விரல் சூப்புவது, வாயால் மூச்சு விடுவது போன்றவற்றை அப்போதே பிடித்துவிடலாம்.

எத்தனை பேர் வருகிறீர்கள்? விடியற்காலையில் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் ஏறிப் போகிற தாய்மாரைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் வீடு திரும்பும்போது என் கிளினிக்கே அடைக்கிற நேரம் ஆகிவிடுகிறது. பிள்ளை அப்பத்தாவிடம் வளர்கிறது, பால்பல்தானே விழுந்துவிடும் என்று சொத்தையை விட்டுவிடுகிறார்கள். பால்பல் காலத்துக்கு முன்னால் போனால், அந்த இடத்தைப் பக்கத்துப் பல் பிடித்துக்கொள்ளும், பின்னால் வருகிற நிலைப்பல் ஏறி முளைக்கும். இருபத்து நாலு வயதில் மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படுகிற தெத்துப்பல் பலருக்கு எட்டு வயதிலேயே தொடங்கியது. கவாத்து வெட்டிவிட்டு நூறு நாளுக்கு மேல் கொடியைப் பார்த்துக்கொண்டே இருக்கிற ஊர் இது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சை அந்தப் பொறுமையில் விளைந்ததுதான். பல்லுக்கு மட்டும் இருபத்து மூன்று நாள் என்கிறீர்கள்.

அழகுக்கான பல் வைத்தியமே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தர்மபுரிப் பக்கமிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண்ணுக்குப் பல்லில் காவிப் பட்டை, ஊர்த் தண்ணீரின் வேலை. தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டிய தண்ணீரைப் பல் உருவாகிற வயதில் குடித்து வளர்ந்தால் வெள்ளைத் திட்டும் காவிப் பட்டையும் விழும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜனங்களுக்காக 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததற்கு அதுதான் காரணம். அந்தப் பெண்ணுக்கு அது காலம் தாழ்ந்த தண்ணீர். பள்ளிக்கூடத்தில் அவளைக் ‘காவிப்பல்’ என்றே கூப்பிட்டார்களாம். மேல்தோலை மயிரிழை அளவு மட்டும் மெருகிட்டு, மிச்சத்தை பிளீச் செய்து, இரண்டு பல்லுக்கு மட்டும் பல் நிறப் பசையைப் பூசி முடித்தேன். மூன்று தடவை வந்தாள். கேப் ஒன்றுகூட இல்லை.

கூடலூரிலிருந்து ஒரு பாட்டி வந்தார். நாற்பது வருடம் ஏலத்தோட்ட வேலை. முன்பல் இரண்டு இல்லை. பேரன் கல்யாணத்தில் போட்டோவுக்கு நிற்க வேண்டும் என்றார். “வாய மூடிக்கிட்டே எத்தன காலத்துக்குத்தா நிக்கிறது?” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே கேட்டார். கழற்றி மாட்டும் பல் ஒன்று செய்து கொடுத்தேன். கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் சிரிக்கவில்லை, ‘சுருளி’ என்று நம் அருவியின் பேரைச் சொல்லிப் பார்த்தார். பல் போனால் சொல் போச்சு என்பது அவருக்குப் பழமொழியாக இருந்திருக்காது. இந்தப் பாட்டிக்குச் செய்ததும் அழகு வைத்தியம்தான், அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

இனி, எங்கே போகிறீர்கள் என்பது. சட்டப்படி, பதிவு பெற்ற பல் மருத்துவர்தான் பல்லில் கை வைக்கலாம். பியூட்டி பார்லரில் பேஷியலோடு சேர்த்துப் பல் வெளுப்பு என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கிளினிக்காகவே இருந்தாலும் பதிவு எண்ணைக் கேளுங்கள், கருவியைக் கிருமி நீக்கி உறையிலிருந்து உங்கள் கண்ணெதிரே பிரிக்கிறார்களா என்று பாருங்கள். கேட்டால் கோபப்படுகிற மருத்துவரிடம் வாயைத் திறக்காதீர்கள். வாணியம்பாடியில் ஒரு பல் கிளினிக்குக்குப் போய்வந்த 10 பேருக்கு மூளையைத் தாக்கும் கிருமித்தொற்று வந்தது, 8 பேர் இறந்தார்கள். 2023 வாக்கில் நடந்தது. உப்புநீர்ப் பாட்டிலைச் சுத்தம் செய்யாத கருவியால் திறந்து, அரைகுறையாக மூடி, மறுபடி மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் பின்னர் எழுதினார்கள். ஒரு மூடியைத் திறந்த விதத்தில் எட்டு உயிர்.

இன்னொன்றும் உங்கள் காதில் விழுந்திருக்கலாம். 2024 பிப்ரவரியில் ஹைதராபாத்தில், கல்யாணம் நிச்சயமான 28 வயது இளைஞர் ஒருவர், சிரிப்பை அழகாக்கிக்கொள்ளப் போன கிளினிக்கில் மயங்கி விழுந்து இறந்துபோனார். மயக்க மருந்து அதிகமானதுதான் காரணம் என்று தகப்பனார் போலீசில் புகார் கொடுத்தார். மகன் அங்கே போனதே வீட்டில் யாருக்கும் தெரியாதாம். இப்படி நடப்பது அபூர்வம், பயமுறுத்த எழுதவில்லை. பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் போகிறார்கள் என்பதற்காக எழுதினேன். அவர்களிடம் கேளுங்கள். சர்க்கரை, இதயக் கோளாறு, மருந்து ஒவ்வாமை எது இருந்தாலும் மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கடிதம் உங்களுக்கும்தான், நீங்களும் பிள்ளை பெற்றவர்கள். காப்பி தம்ளரைக் கீழே வைத்துவிட்டு “பல்லுதான் கொஞ்சம்...” என்று நீங்கள் இழுத்துவிட்டு பஸ் ஏறிவிடுகிறீர்கள். அந்த இழுவை இங்கே ஆறு பல்லாக விலை பேசப்படுகிறது. உங்கள் பையனின் வாயை யாரும் திறந்து பார்ப்பதில்லை. நான் பார்க்கிறேன். கூல் லிப் என்கிற புகையிலைப் பொட்டலத்தை ஒதுக்கி ஒதுக்கி உதட்டுக்குள் வெள்ளைபடிந்து வருகிற மாப்பிள்ளைகளைப் பார்க்கிறேன். குட்காவும் புகையிலை மசாலாவும் 2013இலேயே தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டன, உதடுகளுக்குள் இன்னும் தடை வந்து சேரவில்லை. பல் வெளுப்புக்காக வந்த ஒரு பையனை, அந்த வெள்ளைத் தடிப்பைச் சோதித்துப் பாருங்கள் என்று எழுதி க.விலக்கு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினேன். அவன் பல் வெள்ளையாக வேண்டும் என்று வந்தான்.

சின்னமனூர் அம்மா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஆறு பல்லையும் ராவ மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கிளீன் பண்ணினேன், உடைந்த முனையைப் பசையில் கட்டினேன், தெத்துப்பல்லைத் தொடவில்லை. வேண்டுமானால் கல்யாணத்துக்குப் பிறகு கிளிப் போட்டுக்கொள்ளலாம், அதுவும் அவள் ஆசைப்பட்டால் என்றேன். “வேற எடத்துல ஒரே நாள்ல முடிச்சுக் குடுத்துருப்பாக” என்று அந்த அம்மா முனகிக்கொண்டே போனார். இப்போதும் வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தில் என்னைப் பார்த்தால் சற்று விறைப்பாகத்தான் தலையாட்டுகிறார். பெண்ணின் பிளக்ஸைப் பார்த்தேன். வாயை மூடாமல் சிரித்துக்கொண்டிருந்தாள், அந்தத் தெத்துப்பல்லோடு. போட்டோக்காரத் தம்பி வெள்ளையடித்துத்தான் இருந்தார்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தையில் முகூர்த்தம் வைக்கிற எண்ணம் இருந்தால் இந்த ஆடியிலேயே பிள்ளையைக் கூட்டிவாருங்கள். கையில் ஆறு மாதம் இருந்தால், ராவாமல் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஆடியில் கல்யாணமும் கிடையாது, என் கிளினிக்கிலும் கூட்டம் குறைவு. வரும்போது வீட்டில் ஏழு வயதில் ஒரு குட்டி இருந்தால் அதையும் சேர்த்துக் கூட்டிவாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பல் டாக்டரம்மா